அரத்தை ஓரங்கட்டின மெஷின்

ரெண்டு மாசமா எபிசோட் வரலையேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ஒரு மெஷின்.

முதலிலேயே சொல்லிடறேன். எனக்குச் சம்பளம் தருவது சாஃப்ட்வேர். ஆனா படிச்சது மெக்கானிக்கல். காலேஜ்ல நாலு வருஷத்தில் நான் மில்லிங் மெஷினைத் தொட்டது மொத்தம் நாற்பது நிமிஷம் இருக்கும். அதிலும் முக்கால்வாசி நேரம் இன்ஸ்ட்ரக்டர்தான் ஹேண்டிலைச் சுற்றினார். நாங்க பதினஞ்சு பேர் சுற்றி நின்னு ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சோம். அந்தக் குறை உள்ளுக்குள்ள இருந்துகிட்டே இருந்தது. போன வருஷம் கோயம்புத்தூருக்கே திரும்பி வந்ததும், வீட்டுக்குப் பின்னாடி இருந்த பத்துக்குப் பன்னிரண்டு ஷெட்டைச் சின்ன பட்டறையாக மாற்ற ஆரம்பிச்சேன். பெஞ்ச் வைஸ், டிரில்லிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் வந்தாச்சு. அடுத்தது மில்லிங் மெஷின். புதுசு வாங்க வசதி இல்ல. சின்னதா, பழசா, ஷெட் வாசல் வழியா உள்ள நுழையற மாதிரி ஒண்ணு வேணும்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். லேத்தில் பொருள் சுற்றும், டூல் நிற்கும். மில்லிங்கில் பல பற்கள் உள்ள கட்டர் சுற்றும், டேபிளில் இறுக்கிப் பிடிச்ச பொருள் அதுக்குக் கீழே நகரும். உருண்டையான வேலை லேத்துக்கு. தட்டையான பரப்பு, காடி, கியர் பல் எல்லாம் மில்லிங்குக்கு.

கணபதி பக்கம் பழைய மெஷின் விக்கிற ஒரு யார்டுக்கு மாமாவைக் கூட்டிட்டுப் போனேன். மாமான்னா அம்மாவோட அண்ணன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிச்சு, 38 வருஷம் டூல்ரூமில் இருந்தவர். யார்டுக்காரர் பச்சை பெயிண்ட் அடிச்ச ஒரு சின்ன மில்லிங் மெஷினைக் காட்டி, "ஜெர்மன் மெஷின் சார். அறுபதுகள்ல வந்தது. ப்ளேட்டைப் பாருங்க" என்றார். பித்தளை ப்ளேட், ஜெர்மன் எழுத்து, நாலு மூலையிலும் ரிவெட். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. விலை பேசவே வாயெடுத்துட்டேன்.

மாமா அந்த ப்ளேட்டைப் பார்க்கவே இல்ல. டேபிளை நடுவில் நிறுத்தி, ஜிப் ஸ்க்ரூக்களை ஆட்டம் போகிற அளவுக்கு இறுக்கினார். அப்புறம் ஹேண்டிலைச் சுற்றி டேபிளை ஓரத்துக்குக் கொண்டு போனார். பாதி தூரத்திலேயே இறுகி நின்னுடுச்சு.

"பாத்தியா கண்ணு? வருசக்கணக்கா நடுவுலயே வேலை ஓட்டியிருக்காங்க. நடுவுல தேஞ்சு போச்சு, ஓரம் அப்படியே இருக்குது. நடுவுக்குத் தகுந்த மாதிரி இறுக்குனா ஓரத்துல நகராது. ஓரத்துக்குத் தகுந்த மாதிரி வெச்சா நடுவுல ஆடும்."

அடுத்து ப்ளேட்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட்டைச் சாவியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பட்டி போட்டு அடைச்ச நாலு பழைய ரிவெட் ஓட்டைகள். அங்கே முதலில் இருந்தது வேற அளவு ப்ளேட். மெஷின் ஒண்ணு, பேர் வேற ஒண்ணோடது. "ப்ளேட்டு தனியாவே கடையில கிடைக்கும் கண்ணு" என்றார் மாமா. யார்டுக்காரர் சிரிச்சுகிட்டே டீ சொன்னார். குடிச்சுட்டு வெறுங்கையோட வந்தோம்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. சரி, இந்த மெஷின் எங்கிருந்துதான் வந்தது பார்ப்போம்னு அதோட வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன். ஆரம்பத்திலேயே எங்க யார்டு கதைதான் எதிர்ல வந்து நின்னுது. தப்பான பேரோட ஒரு பழைய மில்லிங் மெஷின்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன்னு ஒரு ஊர். அங்கே வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் மரக் கால்கள் மேல நிக்கிற ஒரு சின்ன மெஷின் இருந்தது. ஈலை விட்னி 1818 வாக்கில் செய்த, உலகத்தின் முதல் மில்லிங் மெஷின்னு அதுக்குப் பேர். 1916-ல ஜோசப் விக்கம் ரோ எழுதிய மெஷின் டூல் வரலாற்றுப் புத்தகம் அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு. அங்கிருந்து அது பாடப் புத்தகங்களுக்கு வந்தது. என் காலேஜ் நோட்ஸிலும் இருந்தது, ரெண்டு மார்க் கேள்வி.

விட்னி யார்? பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற காட்டன் ஜின் மெஷினால் புகழ் பெற்றவர். புகழ் வந்த அளவுக்குப் பணம் வரலை. காப்புரிமை வழக்குகள்லயே காலம் போச்சு. 1798-ல பிரான்சோட போர் வரலாம்னு அமெரிக்க அரசு பயந்த நேரத்தில், ரெண்டு வருஷத்தில் 10,000 துப்பாக்கிகள் செய்து தர்றேன்னு ஒப்பந்தம் போட்டார். அதுக்கு முன்னாடி அவர் ஒரு துப்பாக்கிகூட செய்ததில்ல. சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல சேல்ஸ் ஆட்கள் தர்ற டெட்லைனைப் பார்த்த எனக்கு இது ஒண்ணும் ஆச்சரியமா இல்ல.

இங்கே அரத்தைப் பத்திச் சொல்லணும். அந்தக் காலத் துப்பாக்கியின் உயிர் அதோட லாக். விசையை இழுத்தா பொறியைத் தட்டிவிடுற ஸ்பிரிங், நெம்புகோல், சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் சேர்ந்த அமைப்பு. கொல்லன் அடிச்ச துண்டுகளை ஒரு ஃபிட்டர் வைஸில் பிடிச்சு, அரத்தால் ராவி ராவி, ஒண்ணோட ஒண்ணு பொருந்தற வரைக்கும் கொண்டு வருவார். பெரும்பாடு அதில்தான். அப்படிச் செய்த ஒரு துப்பாக்கியின் துண்டு இன்னொண்ணில் சேராது. போர்க்களத்தில் ஒரு துண்டு உடைஞ்சா அதைக் கழட்டி இதில் மாட்ட முடியாது, மறுபடியும் அரத்தோட ஒரு ஆள் வேணும். எல்லாத் துண்டும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தணும் என்பதுதான் அன்றைய ராணுவங்களின் கனவு.

1801-ல விட்னி தலைநகருக்குப் போய், அதிபர் ஆடம்ஸ், அடுத்து அதிபராகப் போகிற ஜெஃபர்சன் எல்லாரும் இருக்கும்போது லாக்குகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். எல்லாரும் அசந்துட்டாங்க, கால அவகாசமும் கிடைச்சது. கடைசித் துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தது 1809-ல.

இந்தக் கதை ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. 1960-ல ராபர்ட் உட்பரி என்கிற வரலாற்றாசிரியர் ஆவணங்களை எடுத்து வச்சு ஒவ்வொண்ணாகக் கேள்வி கேட்டார். அடுத்து வந்தவர்தான் எனக்குப் பிடிச்சவர். ஸ்மித்சோனியன் மியூசியத்தில் மெஷின்களைக் கவனிச்சுகிட்டிருந்த எட்வின் பாட்டிசன். அவர் பேப்பரோட நிக்கலை. விட்னியின் துப்பாக்கிகளையே கழட்டிப் பார்த்தார். லாக் துண்டுகளின் உள்பக்கத்தில் தனித்தனியா அடையாளக் குறிகள். எது எதோட சேரணும்னு தெரியறதுக்காகப் போட்டவை. துண்டுகள் நிஜமாவே மாற்றிப் பொருத்தக் கூடியவையா இருந்தா அந்தக் குறிகளுக்கு என்ன வேலை? ஒவ்வொண்ணும் அரத்தால் ராவிச் சேர்த்ததுதான். அந்த நியூ ஹேவன் மெஷினையும் ஆராய்ஞ்சு, அது 1825-ல விட்னி இறந்ததுக்கு அப்புறம் செய்ததா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு 1966-ல எழுதினார்.

எங்க மாமா சாவியால் பெயிண்ட்டைச் சுரண்டினதும் இதுவும் ஒரே வேலைதானேன்னு எனக்குத் தோணிச்சு. அந்த 1966-லயே பாட்டிசன் வெர்மான்ட் மாநிலத்தின் வின்ட்சர் என்கிற சின்ன ஊரில் அமெரிக்கன் ப்ரிசிஷன் மியூசியத்தைத் தொடங்கினார், 1846-ல கட்டின பழைய துப்பாக்கித் தொழிற்சாலைக் கட்டடத்தில். ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனியின் கட்டடம் அது. பேரை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருது.

அப்போ முதல் மில்லிங் மெஷினைச் செய்தது யார்? இன்னிக்கு வரலாற்றாசிரியர்கள் அதிகம் கை காட்டறது அதே கனெக்டிகட்டின் மிடில்டவுனில் கைத்துப்பாக்கி செய்த சிமியன் நார்த்தை. 1813-ல அவர் போட்ட 20,000 கைத்துப்பாக்கி ஒப்பந்தத்திலேயே, எந்தத் துண்டும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தணும்னு நிபந்தனை இருந்தது. அத்தனையையும் கை அரத்தால் ராவி அந்த நிபந்தனைக்குள்ள வர முடியாது. 1816 வாக்கில் அவரிடம் இரும்பை மில் செய்யற மெஷின் இருந்ததுன்னு மெரிட் ரோ ஸ்மித் 1973-ல வாதாடினார். அதே ஊரில் ராபர்ட் ஜான்சன்னு இன்னொரு துப்பாக்கித் தயாரிப்பாளரும் இதே வழியில் போனார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் இன்னும் மேலே கொண்டு போனார். அரசு ஆயுதசாலைகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் நடுவில் ஆட்களும் யோசனையும் போய் வந்துகிட்டே இருந்தது. கிட் பிளேம் போட முடியாத ரெப்போ மாதிரி. யாரோ எழுதியிருக்காங்க, எல்லாரும் திருத்தியிருக்காங்க. எனக்கு நார்த்தைக்கூட 'கண்டுபிடிச்சவர்'னு சொல்ல மனசு வரலை. கடிகாரக்காரங்க கியர் பல் வெட்ட சுற்றும் கட்டரை அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வச்சிருந்தாங்க. ஆரம்பகால கட்டரைப் பார்த்தீங்கன்னா, பொடிப் பொடியா பல் வச்ச உருண்டை அரம்தான். அரத்தைச் சுருட்டி ஒரு தண்டில் மாட்டிச் சுத்த விட்ட மாதிரி இருக்கும்.

அடுத்த படிகளை வேகமா கடந்துடலாம். வின்ட்சர் கட்டடத்து ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ், 1851 லண்டன் கண்காட்சியில் தன் ரைஃபிள்களை வச்சது. துண்டுகளை மாற்றிப் போட்டாலும் வேலை செய்ததைப் பார்த்து, பிரிட்டிஷ் அரசு தன்னோட என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு அவங்க மெஷின்களையே வாங்கியது. அங்கே மில்லிங் மெஷின்களை வடிவமைச்சவர் ஃப்ரெடரிக் ஹவ். அவரோட வடிவத்திலிருந்து வளர்ந்ததுதான் 1855-ல ஹார்ட்ஃபோர்டில் வந்த லிங்கன் மில்லர். குட்டையா, முரட்டுத்தனமா இருக்கும். ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யறதுக்கானது. வீட்டுப் பட்டறை ஆளுக்கு அதனால் பிரயோஜனம் இல்ல.

என்னை மாதிரி ஆளுக்கு உதவற மெஷினோட கதை ஒரு டிரில் பிட்டில் ஆரம்பிக்குது. 1861, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஹவ் இப்போ ராட் ஐலண்டில் ப்ராவிடன்ஸ் டூல் கம்பெனியில் மேற்பார்வையாளர். அரசுக்குத் துப்பாக்கி செய்யறாங்க. அதில் மருந்தைப் பற்ற வைக்கிற நிப்பிளில் சின்ன ஓட்டை போட ட்விஸ்ட் டிரில் வேணும், அதாவது முறுக்குக் காடி உள்ள டிரில். அந்தக் காடியை எப்படிப் போட்டாங்க தெரியுமா? எலிவால் மாதிரி மெல்லிய உருண்டை அரத்தை வச்சு, கண்ணளவில், கையால். ஒரு பெரிய ஃபேக்டரியே ஓடிட்டிருக்கு, மூலையில் சில பேர் நாள் பூரா உட்கார்ந்து மெல்லிய எஃகுக் கம்பியில் சுருள் சுருளா ராவிகிட்டிருக்காங்க. அவங்க பேர் நான் படிச்ச எந்தப் புத்தகத்திலும் இல்ல.

ஹவ் அதே ஊரில் இருந்த ஜோசப் ஆர். பிரவுனிடம் போய், இதுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு கேட்டார். பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் பிரவுன். கடிகாரம் பழுது பார்க்கிற குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் டிரில் காடிக்கு மட்டும்னு ஒரு மெஷின் செய்திருக்கலாம். செய்யலை. டேபிளைச் சாய்வா திருப்பலாம், மேலே கீழே ஏற்றி இறக்கலாம், அதன் மேல் ஒரு டிவைடிங் ஹெட். டேபிளை நகர்த்தற ஸ்க்ரூவுக்கும் அந்த ஹெட்டுக்கும் நடுவில் கியர் இணைப்பு. டேபிள் இத்தனை தூரம் நகர்ந்தா கம்பி இத்தனை சுற்று சுற்றணும் என்கிற கணக்கைக் கியர்களே போட்டுக்கும். நேரா போகிற அசைவும் சுற்றுகிற அசைவும் சேர்ந்தா கட்டருக்குக் கீழே சுருள் காடி தானா விழும். கியரை மாற்றினா சுருளின் சாய்வு மாறும். இதுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷின். முதல் மெஷின் 1862 மார்ச் 14 அன்று ப்ராவிடன்ஸ் டூல் கம்பெனிக்கு விற்றது. டிரில் மட்டுமில்ல, கியர், ரீமர், கட்டர் எல்லாம் அதில் செய்யலாம். ஒரு மெஷினை வச்சு இன்னொரு மெஷினின் டூல்களைச் செய்யலாம். எனக்கு இதுதான் மொத்த வரலாற்றிலும் பெரிய தருணம், விட்னி கதையைவிடப் பல மடங்கு பெரியது. ஆனா ரெண்டு மார்க் கேள்வியில் வந்தது விட்னிதான்.

இன்னும் ஒரே ஒரு தாவல். கனெக்டிகட்டிலேயே பிரிட்ஜ்போர்ட்னு ஒரு ஊர். ஸ்வீடனிலிருந்து வந்த ருடால்ஃப் பேனோவும் மேக்னஸ் வால்ஸ்ட்ராமும் அங்கே வார்ப்புக்கான பேட்டர்ன் செய்யற பட்டறை நடத்தினாங்க. மற்ற மெஷின்கள் மேல மாட்டிக்கிற சின்ன மில்லிங் ஹெட் ஒண்ணும் விற்றாங்க. 1936-ல, இந்த ஹெட்டை மாட்ட நாமே ஒரு மெஷின் செய்தா என்னன்னு பேனோ ஒரு பழுப்புக் காகிதப் பையில் படம் போட்டதா சொல்றாங்க. 1938-ல மெஷின் விற்பனைக்கு வந்தது. கட்டர் மேலிருந்து செங்குத்தா இறங்கும். ஹெட்டை எந்தப் பக்கமும் சாய்க்கலாம், டரெட்டில் திருப்பலாம், டிரில்லிங் மெஷின் மாதிரி கீழே இழுத்து ஓட்டையும் போடலாம். பெரிய ஃபேக்டரி ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யும். சின்னப் பட்டறை ஆயிரம் வேலையை ஒரு தடவை செய்யும். இது ரெண்டாவது வகைக்கான மெஷின்.

நம்ம ஊர் டூல்ரூமுக்குப் போய் பிரிட்ஜ்போர்ட்னு கேட்டா முழிப்பாங்க. எம்1டிஆர்னு கேளுங்க, நேரா கூட்டிட்டுப் போவாங்க. அதே ரக டரெட் மில்லிங் மெஷினுக்கு இங்கே புழங்கற பேர் அது. மாமா 38 வருஷத்தில் பாதியை எம்1டிஆர் பக்கத்தில் கழிச்சவர். ஓட்டினவர் இல்ல. மில்லிங்கிலிருந்து வருவதை வாங்கி, கடைசி நூலளவை அரத்தால் சரி செய்து டையைச் சேர்க்கிற பெஞ்ச் ஃபிட்டர். டூல்ரூமுக்கு வி.எம்.சி. வந்தப்புறம் அந்தக் கடைசி நூலளவும் மெஷினிலேயே முடிஞ்சு வர ஆரம்பிச்சது. எட்டு பேர் இருந்த பெஞ்சில் ரெண்டு பேர் ஆனாங்க. அந்த ரெண்டு பேரில் மாமா ஒருத்தர். மீதி ஆறு பேரைப் பத்திக் கேட்டா பேச்சை மாத்திடுவார்.

எம்1டிஆர் எனக்கு ஆகாது. ஒரு டன்னுக்குக் கிட்ட எடை, மூணு ஃபேஸ் மோட்டார். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ், ஷெட்டின் தரை நாலு இன்ச் கான்கிரீட். வி.எஃப்.டி. போட்டு ஓட்டலாம்தான். தரையை என்ன செய்யறது? கடைசியில் திருப்பூர் பக்கம் ஒரு தம்பி, ஆசையா வாங்கி ஆறு மாசம் ஓட்டிட்டு மூலையில் போட்டிருந்த சீனத் தயாரிப்பு பெஞ்ச் டாப் மில் கிடைச்சது. அறுபது கிலோவுக்குள்ள. ரெண்டு பேர் தூக்கி காரில் வச்சுட்டோம். இந்தத் தடவை ப்ளேட்டை நானும் பார்க்கலை. ஸ்பிண்டிலுக்குள்ள விரலை விட்டுப் பார்த்தேன். ஆர்8 டேப்பர். பிரிட்ஜ்போர்ட் தன் மெஷினுக்காகக் கொண்டு வந்த அதே அளவு, 7/16 இன்ச் ட்ரா பார் த்ரெட் உட்பட. ஒரு டன் மெஷினின் காலெட் இந்தக் குட்டி மெஷினில் அப்படியே உட்காரும். இப்படி ஒரு பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டியை நான் வேலை செய்யற எந்த ப்ராஜெக்டிலும் பார்த்ததில்ல.

டயல் கேஜ் வச்சுப் பார்த்ததில் ஸ்பிண்டில் சுத்தம். ஆனா டேபிள் ஒரு பக்கம் ஆடியது. கழட்டினா, உள்ளே இருந்த ஜிப் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருந்தது. ஆட்டத்தை நிறுத்தறதுக்காக அந்தத் தம்பி ஸ்க்ரூக்களை முறுக்கித் தள்ளியிருக்கார். அதை மில் செய்து எடுக்க ஒரு மில்லிங் மெஷின் வேணும். என்னிடம் இருக்கிற மில்லிங் மெஷினுக்கு ஜிப் இல்ல.

மாமாவுக்கு ஃபோன் போட்டேன். டிபன் கேரியர் சைஸில் ஒரு தகரப் பெட்டியோட வந்தார். உள்ளே துணியில் சுற்றி ஏழெட்டு அரம். ஒரு பித்தளைப் பட்டையை வைஸில் பிடிச்சு, ராவி, சர்ஃபேஸ் ப்ளேட்டில் ப்ளூ தடவித் தேய்ச்சு, நீலம் ஒட்டின மேட்டை மட்டும் மறுபடி ராவி, மறுபடி தேய்ச்சு, மூணு சாயங்காலம். நான் ஒரு முனையை முயற்சி பண்ணினேன்.

"அரத்தைத் தேய்க்காத கண்ணு. தள்ளு. திரும்பி வரும்போது தூக்கு."

நாலாவது நாள் ஜிப் உள்ளே போச்சு. ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் ஹேண்டில் ஒரே பிடியில் சுற்றியது. முதல் வெட்டு ஒரு அலுமினியத் துண்டில், கால் மில்லிமீட்டர் ஆழம். அந்தச் சத்தத்தை எபிசோட் கடைசியில் சேர்த்திருக்கேன், எழுத்தில் படிக்கிறவங்க மேலே இருக்கிற ப்ளேயரில் கேளுங்க. நடுவில் கேட்கிற இருமல் மாமாவோடது.